போனைப் பிடுங்காதீர்கள்... கணக்குச் சொல்லிக்கொடுங்கள்!

2024 ஜனவரி முதல் வாரம். கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று சிறுமிகள், மூவருக்கும் வயது 13, சேர்த்துவைத்த 14,000 ரூபாயோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். திட்டம் என்ன தெரியுமா? ஈரோடு போய் ரயில் பிடித்து சென்னை. அங்கிருந்து விசாகப்பட்டினம். விசாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் தென் கொரியா. சியோலில் இறங்கி, பி.டி.எஸ். பாட்டுக் குழுவின் ஏழு பையன்களையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்!

சென்னை வரை போய்விட்டார்கள். இரண்டு இடங்களில் ரூம் தர மறுத்துவிட, மூன்றாவது இடத்தில் ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய்க்கு அறை கிடைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. மறுநாள் தெம்பும் தைரியமும் தீர்ந்துபோய், 'ஊருக்கே திரும்பிவிடலாம்' என்று ரயில் ஏறினார்கள். நள்ளிரவில் எங்கள் காட்பாடி ஜங்ஷனில் சாப்பிட ஏதாவது வாங்கலாம் என்று இறங்க, ரயில் கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் தவித்து நின்ற பிள்ளைகளைப் போலீஸார் கவனித்து விசாரித்தார்கள். அப்புறம் வேலூர் குழந்தைகள் நலக் குழு, கவுன்சலிங், பெற்றோருக்குத் தகவல்.

பத்திரமாகக் கிடைத்தார்களே, அது பெரிய விஷயம். அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்த வாரமே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. போன் பிடுங்கப்பட்டது. சுவரில் ஒட்டியிருந்த படம் கிழிக்கப்பட்டது. "இன்னாத்துக்குடி உனக்கு அந்தக் கொரியாக்காரனுங்க? ஒழுங்கா படி. இல்லைன்னா நாளைக்கே கம்பெனிக்கு அனுப்பிடுவேன்" என்று ஒரு தகப்பனார் என் காதுபடவே மகளை அதட்டினார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கத்தில் 'கம்பெனி' என்றால் ஷூ கம்பெனி. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் எங்கள் ஊரில் கிடையாது.

இன்னொரு வகைப் பெற்றோரும் இருக்கிறார்கள். "அட விடுங்க சார், வயசுக் கோளாறு. ரெண்டு வருஷத்துல தானா தெளிஞ்சிடும்" என்று சிரித்துவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொள்கிறவர்கள்.

இரண்டு பேரும் செய்வது ஒரே தவறுதான் என்பது என் கட்சி. பூட்டுகிறவரும் சரி, 'விட்டுவிடு' என்கிறவரும் சரி, பிள்ளை என்ன பார்க்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது.

முதலில் ஒரு விஷயத்தை முடித்துவிடுவோம். நட்சத்திரப் பைத்தியம் ஒன்றும் கொரியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சரக்கு இல்லை. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றியது யார்? 1987-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது உயிரை விட்ட ரசிகர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? 2023 ஜனவரியில் 'துணிவு' படம் ரிலீஸான ராத்திரி, சென்னையில் தியேட்டர் முன்னால் லாரி மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் விழுந்து செத்தானே, அவன் என்ன கொரியப் பாட்டுக்கா ஆடினான்? அதே கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று விஜய் பேசிய கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. இறந்தவர்களையோ, அவர்கள் குடும்பத்தையோ நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். ஆனால், ஒரு முகத்தை நேரில் பார்த்துவிடத் துடிக்கிற துடிப்பைப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால், பதிலுக்கு சியோல் வரை போக வேண்டியதில்லை.

சரி, நம் பிள்ளைகள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

எனக்கும் பத்தாவது படிக்கும் மகள் இருக்கிறாள். அவளுக்கும் அவளுடைய சிநேகிதிகளுக்கும் வேதம் மாதிரி ஒரு படம் உண்டு. பெயர் 'பர்ன் தி ஸ்டேஜ்'. 2018 நவம்பர் 15 அன்று உலகம் முழுக்க தியேட்டர்களில் வெளியான டாகுமென்டரி. 2017-ல் பி.டி.எஸ். குழு 19 நகரங்களில் 40 கச்சேரிகள் நடத்தியது. அந்த 300 நாளும் கேமரா கூடவே போயிருக்கிறது. ஓடும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. இதே பெயரில் அதே வருடம் யூடியூபில் எட்டு பாகத் தொடரும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். தொடரையும் பிறகு பார்த்து முடித்தேன்.

மேடை, விளக்கு, கூச்சல் எல்லாம் இருக்கிறது. ஆனால், பாதிக்கு மேல் அந்தப் பையன்கள் மேடைக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். ஏர்போர்ட், ஹோட்டல் அறை, ஒத்திகை, ஐஸ் பை, வலி. சிலி நாட்டில் கச்சேரி முடிந்ததும் குழுவின் கடைக்குட்டி ஜங்குக் மூச்சு வாங்கிக் கீழே சாய்ந்துவிட, மற்றவர்கள் சுற்றி நின்று பதறும் இடம் அந்தத் தொடரில் வருகிறது. மேடை ஏறுவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், ஒரு சின்ன விஷயத்துக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பிறகு உட்கார்ந்து, பேசி, கண் கலங்கி சமாதானமாகிறார்கள்.

நான் படத்தைப் பார்த்ததைவிட மகளைத்தான் அதிகம் பார்த்தேன். ஆட்டம் பாட்டம் வந்த இடங்களில் அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். எல்லாம் மனப்பாடம் ஆயிற்றே. ஆனால், ஆடி முடித்து வேர்வையோடு ஒருவன் சோபாவில் சரிந்து உட்காருகிறான், இன்னொருவன் வந்து 'பரவாயில்லையா?' என்று கேட்கிறான். அந்த இடத்தில்தான் அவள் கண் நிறைந்தது. "பாவம்ப்பா... இவங்க எவ்ளோ டயர்டா இருக்காங்க பாருங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது, சார். ஏனென்றால், களைத்துப்போனவர்களைப் பார்ப்பதற்கு எங்கள் பக்கத்துப் பிள்ளை கொரியா வரை போக வேண்டியதே இல்லை.

ஆம்பூர் பக்கம் ஒரு தரம் சாயங்காலத்தில் வந்து பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து வேன் வேனாக, பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்குவார்கள். காலையில் சமையலை முடித்துவிட்டுக் கிளம்பியவர்கள். நாள் பூரா மெஷினில் குனிந்து ஷூவின் மேல் பாகத்தைத் தைத்துக்கொண்டோ, நின்றபடி பசை தடவிக்கொண்டோ இருந்தவர்கள். அந்த லைனுக்கு ஒரு டார்கெட். சூப்பர்வைசருக்கு ஒரு வாய். தையல் ஒரு இழை விலகினால் பீஸ் ரிஜெக்ட். அந்த அம்மா வீட்டுக்கு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் வாசல்படியில் உட்காருவார். அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார்.

அவரிடம் யாராவது 'பரவாயில்லையா?' என்று கேட்கிறோமா? நாமும் கேட்பதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை. 'இன்னிக்கு ரொம்ப முடியலை' என்று அவரும் சொல்வதில்லை. சொன்னால் குடும்பத்துக்கு மரியாதை இல்லை என்று நினைக்கிறோம். தகப்பனும் அப்படித்தான். டேனரியில் ஈரத் தோலைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போயிருக்கும். வாயைத் திறக்கமாட்டார்.

பி.டி.எஸ். பையன்களின் களைப்புக்கு சப்டைட்டில் இருக்கிறது. நம் வீட்டுக் களைப்புக்கு அது இல்லை. நம் பிள்ளைகள் அந்தப் படத்தில் ஒட்டிக்கொள்வதற்கு நான் கண்ட காரணம் இதுதான். உழைக்கிறவர்கள் 'எனக்கு வலிக்கிறது' என்று வெளிப்படையாகச் சொல்வதையும், கூட இருப்பவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்பதையும் முதன்முதலாக அங்கேதான் பார்க்கிறார்கள். 13 வயதுப் பெண் அதற்காக உருகினால் அது கிறுக்குத்தனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீட்டில் கிடைக்காத ஒன்றை அவள் அங்கே போய்த் தேடுகிறாள்.

'அப்போ பார்க்கட்டும், விட்டுடலாம்' என்கிறீர்களா? அதுவும் கிடையாது. இனிமேல்தான் கணக்கே ஆரம்பிக்கிறது. நான் பி.காம். படித்தவன். உருக்கமான காட்சியைப் பார்த்தால், இந்தப் பக்கம் டெபிட் என்றால் அந்தப் பக்கம் கிரெடிட் யாருக்கு என்று கேட்டே பழகியவன்.

அந்தக் கேமரா யாருடையது? பையன்களை வேலை வாங்குகிற கம்பெனியுடையது. எந்தக் கண்ணீரைக் காட்டலாம், எதை வெட்டலாம் என்று முடிவு செய்வதும் கம்பெனிதான். 'பர்ன் தி ஸ்டேஜ்' உலகம் முழுக்க வசூல் செய்தது சுமார் 2 கோடி டாலர். அதாவது, கச்சேரிக்கு ஒரு டிக்கெட் விற்று, அந்தக் கச்சேரியில் வந்த களைப்புக்கு இன்னொரு டிக்கெட்டும் விற்றிருக்கிறார்கள். எங்கள் ஊரில் தோலைச் சீவும்போது விழுகிற தூளைக்கூட வீணாக்காமல் காசாக்கப் பார்ப்பார்கள். அதே வியாபார மூளைதான்.

அடுத்து, ஆல்பம். பாட்டு போனில் சும்மாவே கிடைக்கிறது. பிறகு எதற்கு ஆல்பம்? உள்ளே ஒரு சின்ன அட்டையில் ஒருவருடைய போட்டோ இருக்கும். யாருடைய போட்டோ என்று பிரித்தால்தான் தெரியும். நமக்குப் பிடித்த பையன் வரவில்லையென்றால் இன்னொன்று வாங்கு. அதே ஆல்பத்தை நாலு விதமான அட்டையில் போட்டால் நாலையும் வாங்கு. பல குழுக்களுக்கு கையெழுத்து வாங்கும் நிகழ்ச்சியில் இடம் பிடிப்பதே குலுக்கல்தான். ஆல்பம் கூடக் கூடச் சீட்டும் கூடும். லாட்டரிச் சீட்டை 2003-ல் தமிழ்நாட்டில் தடை செய்தோமே, அதற்குப் பாட்டுச் சட்டை மாட்டிவிட்டால் இதுதான். 2024-ல் டோக்கியோவின் ஷிபுயா தெருவில் 'செவன்டீன்' என்ற இன்னொரு கொரியக் குழுவின் ஆல்பங்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று. அட்டையை எடுத்துக்கொண்டு பாட்டைத் தெருவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்!

அந்தப் பையன்களின் கதையும் கணக்கில் வர வேண்டும். சின்ன வயதிலேயே பயிற்சிக்குச் சேருகிறார்கள். மேடை கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. குழுவில் சுகா என்று ஒருவர். பயிற்சிக் காலத்தில் செலவுக்காகப் பகுதி நேரம் டெலிவரி வேலை பார்த்தபோது விபத்தில் தோளில் அடிபட்டது. அந்தத் தோளுக்கு 2020 நவம்பரில்தான் ஆபரேஷன் நடந்தது. நடுவில் இத்தனை வருடமும் ஆடிக்கொண்டிருந்தார். 2009-ல் டி.வி.எக்ஸ்.க்யூ. என்ற பிரபலக் குழுவின் மூன்று பேர், 13 வருட ஒப்பந்தம் அநியாயம் என்று தங்கள் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். அதன் பிறகுதான் அந்த நாட்டு அரசு, ஒப்பந்தம் ஏழு வருடத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு மாதிரிப் பத்திரம் கொண்டுவந்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020-ல் பி.டி.எஸ்.ஸின் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது, அதன் நிறுவனர் ஏழு பையன்களுக்கும் தன் பங்கிலிருந்து சமமாகப் பிரித்துக் கொடுத்தார். பாராட்ட வேண்டிய விஷயம். தோல் தொழிலில் எந்த முதலாளியாவது தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பங்கு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் 2022 ஜூன் 14-ஐ மறந்துவிடாதீர்கள். அன்றைக்கு ஏழு பேரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, கொஞ்ச நாள் குழு வேலையை நிறுத்திவிட்டுத் தனித்தனியாகப் பார்க்கப்போகிறோம் என்று வீடியோவில் சொன்னார்கள். களைப்பைப் பற்றியும் பேசினார்கள், அழுதார்கள். மறுநாள் சந்தையில் அந்தக் கம்பெனியின் பங்கு விலை ஒரே நாளில் கால்வாசி விழுந்தது!

படத்துக்குள் அழுதபோது அது வருமானம். 'இனி ஓய்வு வேண்டும்' என்று நிஜமாகவே சொன்னபோது அது நஷ்டம். இதை உங்கள் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளிக்கூடம் சொல்லவில்லை. டி.வி. சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. நீங்கள்தான் போனைப் பிடுங்கிக்கொண்டு இருந்தீர்களே!

எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு இந்தப் பாடம் புதிதே இல்லை. பளபளவென்று இருக்கும் பொருளுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? லண்டன் ஷோரூமில் மினுங்குகிற ஷூவுக்குப் பின்னால் செத்துப்போன பாலாறு கிடக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் எங்கள் வேலூர் மாவட்டத்து டேனரிகளைப் பற்றிக் கொடுத்த தீர்ப்பை சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பது அதில் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. பளபளப்புக்கு ஒரு விலை உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்பது ஆம்பூர்க்காரருக்குப் பால பாடம். அந்தப் பாடத்தை மகளுக்கு எடுத்துச் சொல்ல முடியாதா?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நம் பிள்ளைகள் உயிரை விடுகிற அந்த ஏழு பேரில் ஜிமின், ஜங்குக் இருவருக்கும் சொந்த ஊர் பூசான். தென் கொரியாவின் பெரிய துறைமுக நகரம். 2022 அக்டோபர் 15 அன்று அதே பூசானில்தான் பி.டி.எஸ். ஒரு மாபெரும் இலவசக் கச்சேரி நடத்தியது. அதையும் படமாக்கி 2023 பிப்ரவரியில் தியேட்டர்களில் விட்டார்கள். அந்தப் பூசான், 1970, 80-களில் எதற்குப் பேர் போன ஊர் தெரியுமா?

ஷூவுக்கு!

ஆமாம் சார். அமெரிக்கக்காரன் காலில் மாட்டிக்கொண்டு ஓடிய ஷூவெல்லாம் அப்போது பூசான் ஃபேக்டரிகளில்தான் தைக்கப்பட்டது. தைத்தது யார்? கிராமத்திலிருந்து வந்த இளம் பெண்கள். தம்பி படிப்புக்கும், குடும்பச் சோற்றுக்கும் சம்பாதித்தவர்கள். 'கொங்சுனி' என்று ஒரு கேலிப் பெயர் வைத்து ஊர் அவர்களை மட்டமாகப் பேசியது. நம் ஊரில் 'கம்பெனிப் பொண்ணு' என்று இழுத்துச் சொல்கிறார்களே, அதே தொனி. 1987-க்குப் பிறகு அங்கே தொழிலாளர்கள் போராடிக் கூலி உயர்ந்தது. ஷூ வாங்குகிற பெரிய கம்பெனிகள் இந்தோனேசியா, சீனா, வியட்நாம் என்று மலிவான இடம் தேடி மூட்டை கட்டின. பூசானின் ஷூ தொழில் படுத்தது.

கொரியா என்ன செய்தது? 1994-ல் அந்த நாட்டு அதிபருக்கு ஒரு அறிக்கை போனது. 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே ஒரு சினிமா சம்பாதித்தது, ஹூண்டாய் கம்பெனி 15 லட்சம் கார் விற்றுச் சம்பாதிப்பதற்குச் சமம் என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு பாட்டையும் படத்தையும் 'வெட்டிப் பொழுது' என்று அந்த அரசு நினைக்கவில்லை. தொழிலாகப் பார்த்துக் காசு போட்டது. ஷூ தைத்த ஊரில் பிறந்த பையன்கள் ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள்.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் கம்பெனி, அங்கேயும் டார்கெட், அங்கேயும் ரிஜெக்ட் என்று இவ்வளவு நேரம் பார்த்தோமே! என் கேள்வி வேறு. பூசானின் ஷூ தொழில் போன அதே வழியில் சுற்றிச் சுற்றி வந்த ஆர்டர்களில் ஒரு பங்குதான் நம் வட தமிழ்நாட்டிலும் நிற்கிறது. ஆம்பூர் லெதர் ஷூ ஐரோப்பா போகிறது, அமெரிக்கா போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது எங்கள் ஊரில் டீக்கடைவரைக்கும் கவலை பரவியது. நம் சோறே கடல் தாண்டித்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், மகள் கடல் தாண்டி ஒரு பார்வை பார்த்தால் மட்டும் குற்றமா? நாம் தைத்த ஷூ போகலாம். நம் பெண்ணின் மனசு போகக் கூடாதா?

அந்த மூன்று பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பணம் சேர்க்கத் தெரிந்திருக்கிறது. ரயில் மாறிப் போகத் தெரிந்திருக்கிறது. உலக வரைபடத்தில் சியோல் எங்கே என்று தெரிந்திருக்கிறது. பெரியவர்களில் எத்தனை பேருக்கு இதெல்லாம் வரும்? தெரியாமல் போனது என்ன? விசாகப்பட்டினத்திலிருந்து கொரியாவுக்குப் பயணிகள் கப்பல் கிடையாது என்பது. நாட்டைவிட்டுப் போக பாஸ்போர்ட் வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது. அந்த 14,000 ரூபாயில் மூன்று பேருக்கும் பாஸ்போர்ட் கட்டணம் கட்டி மிச்சமும் வைத்திருக்கலாம். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள, திட்டினாலும் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு பெரியவர் அவர்களுக்கு அகப்படவில்லை. அவர்கள் இருட்டில் காட்பாடி பிளாட்பாரத்தில் நிற்க நேர்ந்தது இதனால்தான் என்பேன்.

கோபப்பட வேண்டுமா? கோபப்படுங்கள். 13 வயதுப் பெண்கள் மூன்று பேர் பெரியவர் துணை இல்லாமல் வந்து நின்றபோது, 1,200 ரூபாயை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்களே, அதன்மேல் படுங்கள். 1098-க்கு ஒரு போன் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் கோபம் கொரியா மேல் பாய்ந்த வேகத்தில் பாதிகூட அந்தச் சாவி மேல் பாயவில்லை. அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்தது அவர்கள் அதிர்ஷ்டமும், ரயில்வே ஸ்டேஷனில் கண் திறந்திருந்த ஒருசிலரின் புண்ணியமும்தான்.

பூட்டினால் என்ன ஆகும்? போனைப் பிடுங்கிய மறுநாள் உங்கள் மகள் சிநேகிதியின் போனில் பார்ப்பாள். கேட்டால் இல்லை என்பாள். பொய் சொல்லப் பழகுவாள். உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை முகம் தெரியாத யாரிடமோ கேட்பாள். ரசிகை என்ற போர்வையில் எதிர்முனையில் உட்கார்ந்திருப்பது யார் என்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அப்புறம் 'படிச்சது போதும்' என்று ஒரு நாள் சொல்லுவீர்கள். கம்பெனிக்கோ கல்யாணத்துக்கோ அனுப்புவீர்கள். கொரியாவிடமிருந்து மகளைக் காப்பாற்றிவிட்டதாக ஊரில் சொல்லிக்கொள்வீர்கள். ஒரு பாட்டுக்காக ஒரு பெண்ணின் படிப்பே போவது எந்த ஊர் நியாயம்?

வேறு என்ன செய்யலாம்? நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான்.

ஒன்று, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் போகாது. கிண்டல் பண்ணாமல் பாருங்கள். எந்தப் பையன் யார் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். கொரியாவிலும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதையும் அவளே உங்களுக்குச் சொல்லுவாள். அந்தக் குழுவின் தலைவர் ஆர்.எம். இங்கிலீஷ் கற்றதே அவர் அம்மா வாங்கிக்கொடுத்த 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல் டி.வி.டி.க்களைப் பார்த்துத்தான் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 'இது எதுக்குடா' என்று அந்த அம்மா பிடுங்கி வைத்திருந்தால்?

இரண்டு, படம் முடிந்ததும் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். டிக்கெட் விலை என்ன, ஆல்பம் விலை என்ன, யாருக்கு எவ்வளவு போகிறது, அந்த அட்டை ஏன் மூடி வருகிறது, அழுகிற காட்சியை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள்? அவளே கண்டுபிடிப்பாள். உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பாள். பிடித்ததைப் பிடித்துக்கொண்டே, ஏமாறாமல் இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியட்டும்.

மூன்று, கொரியா போக வேண்டும் என்றால் 'வாயை மூடு' என்காதீர்கள். 'சரி, வழியைச் சொல்லு' என்று கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் செலவு, அந்த மொழி, அந்த ஊர்ப் படிப்பு. சென்னையில் 2006 முதல் இன்கோ சென்டர் இருக்கிறது, இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் நடுவில் கலாசாரப் பாலமாக. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் இருக்கிறது. அந்த மொழி தெரிந்தால் இங்கேயே வேலைக்குப் பயன்படும். இருபத்திரண்டு வயதில் டிக்கெட் எடுத்து அவள் முறையாக விமானம் ஏறட்டுமே. என்ன குறைந்துபோகும்?

நான்காவது, கொஞ்சம் கஷ்டமானது. இன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், 'இன்னிக்கு எனக்கு ரொம்ப முடியலை' என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். என்ன வேலை, என்ன டார்கெட், எத்தனை ஜோடி, சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிலி நாட்டில் மூச்சு வாங்கியவனுக்காக அழுத பிள்ளை, உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவராமலா இருப்பாள்?